கடலிலிருந்து மலைக்குப் போன பெயர்

யேசு மரி சூசை துணை

ரானுயி, ஓக்லண்ட்
கார்த்திகை (நவம்பர்) 6

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம், நீ அங்கே சுகமாய் இருக்க மடுமாதாவை மன்றாடுகிறோம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை பேனையை எடுத்தால் அந்த வசனம் வரமாட்டேன் என்று நிற்கிறது. அப்பாவுக்குச் சுகம், அக்கா றோஷினிக்குச் சுகம், எனக்கும் கை காலில் ஒரு குறையும் இல்லை, நெஞ்சுக்குள்தான் பயம் வந்து குந்திக்கொண்டு எழும்பமாட்டேன் என்கிறது. ஆனபடியால் பாதிச் சுகம் என்று வைத்துக்கொள். மற்றப் பாதி உன் கையில் இருக்கிறது. போனில் சொல்லலாம்தானே என்று நீ கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அழுகை வருகிறது, நான் அழுதால் நீ "சில் அம்மா, சில்" என்கிறாய், உடனே அந்த மலையில் சிக்னலும் போய்விடுகிறது. சிக்னல் போகிறதா நீயே போக்குகிறாயா என்று மாதாவுக்குத்தான் தெரியும். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. உன் கூட்டாளி றொய்ஸ்டன் சனிக்கிழமை அங்கே வர வெளிக்கிடுகிறான், நாளைக்கு அப்பா ஒடாஹுஹுவில் அவனுடைய வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். அவன் உங்களுடைய கீழ் முகாம் வரைக்கும் நடந்து வந்து, படம் பிடித்துவிட்டு, மேலே ஏறாமல் அப்படியே திரும்பிவிடுவானாம். அந்தப் பிள்ளைக்கு மூளை இருக்கிறது. நீ ஆறுதலாய் ஒரு கல்லில் இருந்து எழுத்துக்கூட்டி வாசி. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழ அழ உன்னை இழுத்துக்கொண்டு போனது இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் என்று நினைத்துக்கொள். விளங்காத சொல் வந்தால் றொய்ஸ்டனைக் கேட்காதே, அவன் உன்னைவிட மோசம்.

முதலில் ஒரு விஷயம். பனிக்கட்டி விழுந்த கதை எனக்குத் தெரியும். அக்காவை ஏசாதே, அவள் மறைக்கத்தான் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள், நண்டுக் கறியை வைத்தால் கிளறிக்கொண்டே இருந்தாள். நண்டை விட்டுவிட்டு எழும்புகிற பிள்ளையா அவள்? என்னடி என்று ஒரே ஒரு தரம்தான் கேட்டேன். அழுதுகொண்டே கொட்டிவிட்டாள். இரண்டாவது முகாமுக்குச் சாமான் தூக்கிக்கொண்டு போனபோது மேலே இருந்து கட்டி உடைந்து விழுந்ததாம், உன்னோடு கயிற்றில் வந்த லூக்கின் தோள் முறிந்து ஹெலிகொப்டரில் இறக்கினார்களாம், நீ அவனுக்கு ஒரு கயிறு தூரத்தில் நின்றாயாம். அம்மாவுக்குச் சொல்லாதே என்று நீ அவளுக்கு எழுதினாயாம். தம்பி, உன் உயிருக்கு ஒரு கயிறு தூரத்தில் நடந்த விஷயத்தை எனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப் போகிறாய்? அந்த மலைக்கு ஆமா டப்லாம் என்று பெயர், அம்மாவின் கழுத்துப் பதக்கம் என்று அர்த்தம், மேலே தொங்குகிற பனிதான் அந்தப் பதக்கம் என்று நீ போக முதல் எவ்வளவு ஆசையாய் விளங்கப்படுத்தினாய். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. எந்த அம்மாவின் பதக்கம் பிள்ளையின் தலையில் விழும்?

அதற்குப் பிறகும் நீ இறங்கவில்லை என்பதுதான் என்னைக் கொல்கிறது. லூக் இல்லாவிட்டாலும் வழிகாட்டி பசாங்கோடு ஏறுவேன், இருபதாம் திகதி உச்சியில் நிற்பேன் என்று அக்காவுக்கு எழுதியிருக்கிறாய். ஏன் இருபதாம் திகதி என்றும் எழுதியிருக்கிறாய். அது உன் பெயர்கொண்ட புனிதரின் திருநாள், மாமாவின் பிறந்தநாள், அன்றைக்கு உச்சியில் நின்று மாமாவின் பெயரைச் சத்தமாய்ச் சொல்லப் போகிறேன், அதுதான் அம்மாவுக்கு என்னுடைய பிறசன்ட் என்று. அக்கா அதைத் தமிழில் சொல்ல, திரும்ப ஒருக்காச் சொல்லு என்றேன். ஐயோ, இவன் எனக்காகவா ஏறுகிறான்? நான் எப்போதடா கேட்டேன்? அன்று தொடங்கிய பயம்தான், சாப்பாட்டிலும் இருக்கிறது, செபத்திலும் இருக்கிறது, நேற்று கைஃபோக்ஸ் இரவு என்று ஊரெல்லாம் வெடி கொளுத்தினார்கள், ஒவ்வொரு வெடிக்கும் நான் உன் மலைதான் இடிகிறது என்று நெஞ்சைப் பிடித்தேன்.

உன் பெயரைப் பற்றி உனக்கு நான் முழுதாய்ச் சொன்னதில்லை. ஊரில், பேசாலைக் கடற்கரையில், எங்கள் சனத்துக்கு அந்தக் காலத்தில் பிள்ளைக்குப் பெயர் தேடுகிற வேலையே இல்லை. பிள்ளை பிறந்தால் கோயில் கலண்டரைப் பார்ப்பார்கள், அன்றைக்கு எந்தப் புனிதரோ அந்தப் பெயர், முடிந்தது. என் அண்ணா, உன் மாமா, கார்த்திகை இருபதில் பிறந்தபடியால் எட்மண்ட். அந்த எட்மண்ட் யார், எந்த ஊர், என்ன செய்தார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் என் அம்மா பக்கத்துத் திகதிக்குப் போயிருப்பா. அண்ணா கடலில் போன பிறகு அந்தப் பெயரைக் குழி தோண்டிப் புதைத்த மாதிரி எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். நீ பிறந்தபோது நான்தான் ஒற்றைக்காலில் நின்று அதை எடுத்து உனக்கு வைத்தேன். அம்மா வேண்டாம் என்று கெஞ்சினா, "கடல் எடுத்த பேரடி, திரும்பக் கரைக்குக் கொண்டு வராத" என்றா. நான் கேட்கவில்லை. அண்ணாவின் ஏதாவது ஒன்று கரையேற வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை. பிறகு நாங்கள் கடலுக்கும் சண்டைக்கும் பயந்து, உன்னையும் அக்காவையும் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் ஓடி வந்தோம். வந்து இறங்கிப் பார்த்தால் இந்த ஊர் அந்தப் பெயருக்கு ஒரு மலையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும், இங்கே முதல் நாள் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் உன் பெயரைக் கேட்டுவிட்டு, "ஓ, சேர் எட் மாதிரி" என்று சொல்லி ஐந்து டொலர்த் தாளைக் காட்டினாவாம். நீ ஓடி வந்து, அம்மா, என்ர பேரில காசில ஒரு தாத்தா இருக்கிறார் என்றாய். எங்களுக்கு யார் என்று தெரியாது. அப்பா பஸ்ஸில் ஒருவரைக் கேட்டு வந்து சொன்னார், ஹிலரி என்று ஒரு தேனீ வளர்த்த மனுசன், இந்த ஓக்லண்டில்தான் பிறந்தவர், எவரெஸ்ட்டின் உச்சியில் டென்சிங்கோடு முதல் முதல் கால் வைத்தவர் என்று. எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது, பொய் சொல்லமாட்டேன். தேவாலயத்தில் கண்ட ஆட்களுக்கெல்லாம் சொன்னேன். எங்களுடைய பெயர் இந்த ஊரில் பெரிய பெயராம் என்று. அதற்குப் பிறகு நீ வீட்டுக் கூரையில் ஏறினாய், வைற்றாக்கரே காட்டில் ஏறினாய், ருவாப்பேஹூ மலையில் ஏறினாய், ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு வெள்ளைக்காரர் உன் முதுகில் தட்டி, பெயருக்கேற்ற பிள்ளை என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பயம் பிடித்ததும் அக்காவைப் பக்கத்தில் இருத்தி, இந்தப் பெயரின் கதை முழுவதையும் போனில் பார்த்து எனக்கு வாசி என்று கேட்டேன். ஆறுதல் கிடைக்கும் என்று பார்த்தால் விசர்தான் பிடித்தது. அர்த்தம் நல்ல அர்த்தம்தான். பழைய இங்கிலீஷில் முதல் பாதிக்கு ஆஸ்தி, பாக்கியம் என்று பொருளாம், பின் பாதிக்குக் காக்கிற கை என்று பொருளாம். பாக்கியத்தைக் காக்கிறவன். எவ்வளவு வடிவான பெயர் என்று கண்ணில் ஒற்றினேன். பிறகு இந்தப் பெயரோடு இருந்தவர்களை அவள் வாசிக்க வாசிக்க எனக்கு வேர்த்தது. ஒரு ராசாவாம், பெருநாள் விருந்தில் வைத்துக் கத்தியால் குத்திப்போட்டார்களாம். இன்னொரு ராசாவுக்கு இரும்பன் என்று பட்டம், அவ்வளவு பலசாலியாம், ஒரு வருடம்கூட ஆளவில்லை, போனது கார்த்திகை மாதத்தில். ஒரு சுவாமியாரைத் தூக்கில் போட்டார்கள், அவர் இப்போது புனிதர். வால்வெள்ளி திரும்பி வரும் என்று கணக்குப் பார்த்துச் சொன்ன ஹலியும் உன் பெயர்தானாம், அது சொன்னபடி வந்தபோது பார்க்க அந்த மனுசன் உயிரோடு இல்லை. ஒருவராவது கிழவனாகிக் கட்டிலில் செத்தாரா என்று கேட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மா, சேர் எட் நல்லாக் கிழவனாகித்தான் இஞ்ச ஓக்லண்டில செத்தவர், சாம்பலைக் கூட இந்தக் கடலிலதான் தூவினவை என்றாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சை முழுதாய் விடவில்லை, அடுத்த வரியை வாசித்துவிட்டாள். அவருடைய மனைவியும் கடைசி மகளும் நீ நிற்கிற அதே நேபாளத்தில், அவரிடம் போகிற வழியில், சின்னப் பிளேன் விழுந்து செத்தார்களாம். மலை அவரைத் தொடவில்லை, அவருக்காகக் காத்திருந்தவர்களை எடுத்துக்கொண்டது. போதும், போனை மூடு என்றேன். நீயும் அப்படிச் சின்னப் பிளேனில்தானே போனாய்.

உன் புனிதரின் கதையைக் கடைசியாக வாசித்தாள். அவரும் ராசாதான். எதிரிகள் பிடித்து, உன் தேவனை மறுதலி என்று மரத்தில் கட்டி அம்பாலே துளைத்துத் தலையை வெட்டிப் பற்றைக்குள் எறிந்தார்கள். அவருடைய சனம் தேடிப் போயிருக்கிறது. காட்டுக்குள் நின்று, எங்கே இருக்கிறீர் என்று கூப்பிட்டுக்கொண்டே போக, வெட்டுண்ட தலை, இங்கே, இங்கே, இங்கே என்று பதில் சொன்னதாம். போய்ப் பார்த்தால் ஒரு ஓநாய் அந்தத் தலையைக் கடிக்காமல் காவல் இருந்ததாம். அக்கா இதெல்லாம் பழைய கட்டுக்கதை அம்மா என்றாள். இருக்கட்டும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது ஓநாயை நினைத்தல்ல, அந்தச் சனம் கூப்பிட்டதை நினைத்து. ஏனென்று பிறகு சொல்லுகிறேன்.

இது மரித்தோரின் மாதம் என்று உனக்குத் தெரியும். வருடா வருடம் கோயிலில் கொடுக்கிற கடித உறையில் செத்துப்போன எங்கள் ஆட்களின் பெயர்களை எழுதிப் போடுவேன், முதல் பெயர் எப்போதும் அண்ணாவுடையது. இந்த முறை அந்தப் பெயரை எழுதாமல் உறையை மேசையிலேயே வைத்திருந்தேன். எழுதாமல் விட்டால் அண்ணா பாவம், எழுதினால் அது உன் பெயரும்தான். கடைசியில் எழுதித்தான் போட்டேன். பூசையில் சுவாமி ஒவ்வொரு பெயராய் வாசித்துக்கொண்டு வந்து, எட்மண்ட் என்றார். எனக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கிற மெலே, அந்தச் சமோவாக்காரி, உன்னைச் சின்னனில் மடியில் வைத்திருந்தவள், என் கையைப் பிடித்தாள் பார், எலும்பு நொறுங்குகிற மாதிரி. திரும்பினால் அவளுடைய கண் நிறையத் தண்ணீர். அவள் உன்னையென்று நினைத்துவிட்டாள். இல்லை, இல்லை, என் அண்ணா என்று அவளுடைய காதுக்குள் சொன்னேன். நற்கருணை எடுக்கக்கூட எழும்ப முடியவில்லை, அந்தக் கோயில் வாங்கிலேயே இருந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா உடனே புல் வெட்டப் போனார். உன் அப்பாவுக்குப் பயம் வந்தால் புல்தான். இப்போது எங்கள் முற்றத்தில் புல்லே இல்லை, மண்ணைத்தான் வெட்டுகிறார். காலையில் ஐபேட்டைத் திறந்து உன் மலையின் காற்று எவ்வளவு என்று பார்க்கிறார், எனக்குச் சொல்வதில்லை, முகத்தைப் பார்த்து நான் காற்றை அறிகிறேன்.

ஹென்டர்சனில் இருக்கிற புஷ்பவதி அக்காவிடமும் சொல்லி அழுதேன். அவ உடனே தங்களுடைய கோயிலில் அர்ச்சனை செய்கிறேன், பிள்ளையின் நட்சத்திரம் என்ன என்று கேட்டா. எங்களுக்கு ஏது நட்சத்திரம், கலண்டர்தான் என்றேன். "அப்ப பேருக்கே செய்யிறன் பேர்ணடெட், உம்மட பிள்ளை என்ன என்ர பிள்ளை என்ன" என்று போனவ. ஐயர் பெயரைக் கேட்டு ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எட்மண்ட் என்று வடிவாய்ச் சொல்லி மந்திரம் ஓதினாராம். விபூதியைக் கடதாசியில் மடித்துக் கொண்டு வந்து தந்தா, அதையும் இதோடு வைக்கிறேன். சுவாமிக்குச் சொல்லாதே. எந்தப் பக்கத்தால் காவல் வந்தாலும் எனக்குப் போதும். உன் பெயருக்குப் பாக்கியத்தைக் காக்கிற கை என்று அர்த்தம், ஆனால் அந்தக் கையை யார் காக்கிறது என்று ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லையே.

இனி எயார்போட் கதைக்கு வருகிறேன். நீ கண்ணாடிக் கதவுக்குள் போன பிறகு பார்த்தால், நான் பின்னிய கம்பளித் தொப்பி தள்ளுவண்டியிலேயே கிடக்கிறது. நீ இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், உன் பெரிய சிவப்புப் பை வரிசையில் நகர்கிறது. அப்பா, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர், கூப்பிடுமன்" என்றார். நான் கூப்பிடவில்லை. அப்பா வாயைத் திறக்க அவருடைய கையில் ஒரு நுள்ளு நுள்ளினேன், அடையாளம் இன்னும் இருக்கிறது என்று காட்டித் திரிகிறார். பயணம் போகிறவனைப் பின்னால் நின்று கூப்பிடக்கூடாது. எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது, போகிறேன் என்று சொல்லக்கூடாது, வாசல் தாண்டியவனைப் பெயர் சொல்லி நிறுத்தவே கூடாது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சுவாமிமார் எத்தனை பிரசங்கம் வைத்தாலும் எங்களுடைய கடற்கரைச் சனம் இதை மட்டும் விடவில்லை. நானும் விடவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மலை ஏறப் போகிற பிள்ளையை வெறுந்தலையோடு போகவிட்டேன். காரில் வரும்போது அப்பா சொன்னார், குளிருக்கு உந்தச் சாத்திரம் தெரியுமோ என்று.

ஆனால் அன்று முதல் எனக்கு ஒரே நினைவுதான். அண்ணா போன அன்றைக்கும் இதேதான் நடந்தது. வாடைக்காற்று தொடங்கிய காலம், வானம் ஒரு மாதிரிக் கறுத்துக் கிடந்தது. அண்ணா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டிவிட்டார். அம்மா முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தா, அண்ணாவின் முதுகைப் பார்த்தா, வாயைத் திறந்தா. திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டா. நான் பக்கத்தில் நின்று கண்டேன். பின்னால் கூப்பிடக்கூடாது என்று விழுங்கிவிட்டா. வள்ளம் கரை ஒதுங்கியது, அண்ணா ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா சாகும் மட்டும் எப்போதாவது சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது அகப்பை நின்றுவிடும், "கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டா ஒருக்காத் திரும்பிப் பாத்திருப்பான்" என்பா. அவ்வளவுதான் சொல்லுவா. அந்தப் புனிதரைத் தேடிப் போன சனம் காட்டுக்குள் கத்திக் கத்திக் கூப்பிட்டது என்று அக்கா வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இதற்காகத்தான். கூப்பிட்டால் செத்த தலையே பதில் சொல்கிற பெயர் இது, மகன். அண்ணா உயிரோடு படலையைத் தாண்டியபோது அந்தப் பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நான் அந்தப் பெயரை ஒருநாளும் கூப்பிட்டதே இல்லை. மூத்தவரைப் பெயர் சொல்லலாமா, அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். உனக்கு ஆசையாய் அந்தப் பெயரை வைத்துவிட்டுப் பிறகு வாயில் வரப் பயந்து, தம்பி, மகன், ராசா என்றே இவ்வளவு வருடமும் ஓட்டிவிட்டேன். ரீச்சர் கூப்பிட்டா, டொக்டர் கூப்பிட்டார், ஐயரும் கூப்பிட்டார், பெத்தவள் கூப்பிடவில்லை. நீ ஏன் அந்த உச்சியில் போய் நின்று அதைக் கத்த வேண்டும் என்று நினைத்தாய் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. வீட்டில் ஒருவரும் சொல்லாத பெயர் என்று உனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கிறது.

ஆனபடியால் கேள். போகாதே என்று சொல்லமாட்டேன், சொன்னால் நீ எதிர்த்துக்கொண்டு போகிறவன், என் வயிற்றில் பிறந்த குணம். உனக்காக ஏறுகிறாய் என்றால் ஏறு, நான் முழந்தாளில் இருக்கிறேன். எனக்காக ஏறுகிறாய் என்றால் இன்றைக்கே இறங்கு. எனக்கு அந்தப் பிறசன்ட் வேண்டாம். அண்ணாவின் பெயரைச் சொல்ல ஒரு மலையும் தேவையில்லை, இந்தக் குசினி, இந்த அடுப்படி போதும், இவ்வளவு நாளும் நான்தான் சொல்லாமல் இருந்தேன், இனி நான் சொல்லிக்கொள்கிறேன். இருபதாம் திகதிதான் வேண்டும் என்று நிற்காதே. பசாங் இரண்டு பிள்ளைகளின் தகப்பன் என்றாய், வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் உள்ள மனுசன், அவர் திரும்பு என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்பு. உச்சி ஒரு முழம் தூரத்தில் இருந்தாலும் திரும்பு. தொப்பியையும் றொய்ஸ்டனிடம் கொடுத்துவிடுகிறேன், காதை மூடிப் போடு, வடிவு பார்க்காதே. மாசிச் சம்பலும் பருத்தித்துறை வடையும் இருக்கிறது, பசாங்குக்கும் கொடு, உறைப்பு என்று முதலே சொல்லிக் கொடு. செபமாலையைப் பைக்குள் வைக்காதே, கழுத்தில் போடு.

இதுவரை எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். அப்பா அந்த இல்லாத புல்லைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் தொண்டை வந்தது என்று தெரியாது, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பக்கத்து வீட்டு நாய் எழும்பிக் குரைக்கிற அளவுக்கு. அப்பா மெஷினை விட்டுவிட்டு ஓடி வந்தார், என்ன, போன் வந்ததோ, என்னவாம் என்று முகமெல்லாம் வெளிறிப்போய். ஒன்றுமில்லை, பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்த்தேன் என்றேன். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வேலிப்பக்கம் திரும்பி அவரும் ஒருதரம் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் இந்த ரானுயி முற்றத்தில் விசரர் மாதிரி நின்றோம்.

மடுமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் புனிதரும் உன் மாமாவும் இரண்டு பக்கமும் நிற்கட்டும். என் ஆசீரும் அப்பாவின் ஆசீரும் அக்காவின் முத்தமும். மறக்க வேண்டாம், இதை வாசித்து முடித்த உடனே, சிக்னல் உள்ள கல்லில் ஏறி நின்று ஒரு வரி அனுப்பு. சுகம், ஓகே, லவ் யூ ஒன்றும் வேண்டாம். நான் கேட்கிற ஒரு வரி மட்டும் அனுப்பு.

சாத்திரம் போகட்டும். நீ கதவைத் தாண்டியாயிற்று, நான் பின்னால் நின்று கூப்பிடுகிறேன். எட்மண்ட்! எட்மண்ட், அம்மா கூப்பிடுகிறேன். ஒருக்காத் திரும்பிப் பார்த்து, "இஞ்ச நிக்கிறன் அம்மா" எண்டு சொல்லு.

உன்னைப் பெத்தவள்,
பேர்ணடெட் சிறில்